தைக்காத புத்தகம் வேண்டும்



விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், தாயில்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர் பக்கத்து மாணவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு காட்சியைக் காணலாம். வெட்ட வெளியில் சின்னச் சின்ன அறைகள் தனித்தனியாக நிற்கும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் நிலம். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டியிருந்தால் செலவு மிச்சம், நடையும் மிச்சம், மழைக் காலத்தில் நனையாமல் போய் வரலாம். பின் ஏன் இப்படிப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள்?

அவை பட்டாசு ஆலையின் வேலை அறைகள். ஓர் அறையில் மருந்து கலக்கிறார்கள். இன்னோர் அறையில் அதைக் குழாயில் அடைக்கிறார்கள். வேறோர் அறையில் திரி வைக்கிறார்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்பது விதி. அவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஓர் அறையில் தீ பற்றினால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும். அடுத்த அறைக்குத் தாவக் கூடாது.

இவ்வளவு யோசித்து அறைகளைப் பிரிக்கத் தெரிந்த நாம், அந்த அறைக்குள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கையேட்டை மட்டும் ஏன் ஒரே கட்டாகத் தைத்து, அட்டை போட்டு, அலமாரியில் வைக்கிறோம்? ஆலை மட்டுமல்ல; கல்லூரி ஆய்வுக்கூடம், மோட்டார் பட்டறை, நெசவாலை எங்கே போனாலும் நாம் பார்க்கும் கையேடு பெரும்பாலும் தைத்த புத்தகமாகத்தான் இருக்கிறது. கையேட்டையும் அந்தக் கரிசல் காட்டு அறைகளைப் போலவே பிரித்துக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கையேடும் பாடப் புத்தகமும்

பாடப் புத்தகத்தைப் புரிந்துகொள்வதற்காகப் படிக்கிறோம். கையேட்டை வேலை செய்வதற்காகப் பார்க்கிறோம். பாடப் புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் நமக்கு மதிப்பெண் போகும். கையேட்டில் ஒரு பிழை இருந்தால் கையே போகும்.

சிவகாசித் தொழில் புத்தகத்தைப் படித்துப் பிறந்த தொழில் அல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே, அதற்காக அச்சகம் வந்தது. அன்று முதல் இந்தத் தொழில் கண்ணால் பார்த்துக் கையால் பழகும் தொழிலாகவே வளர்ந்தது. தாய் மகளுக்குக் காட்டினாள். மூத்தவர் இளையவருக்குக் காட்டினார்.

இது பெரிய பலம். கையில் ஏறிய அறிவு எளிதில் மறக்காது. ஆனால் பலவீனமும் இதுவேதான். விதி மாறினாலும் கை மாறுவதில்லை. நேற்று வரை சரியாக இருந்தது இன்று தவறு என்று கைக்கு யார் போய்ச் சொல்வது? அதைச் சொல்ல வேண்டியது கையேடு. அந்தக் கையேடே பழையதாக இருந்தால்?

1990-ல் தைத்த புத்தகம்

ஒரு கற்பனை செய்வோம். 1990-ஆம் ஆண்டில் ஒருவர் பட்டாசுத் தொழிலாளருக்காக ஒரு நல்ல பாதுகாப்புக் கையேட்டை எழுதினார். 200 பக்கம். அழகாகத் தைத்து, காலிகோ அட்டை போட்டு, ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அன்று அதில் ஒரு தவறும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன நடந்தது?

1992-ல் கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிமருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் லேசான உராய்வே தீ மூட்டப் போதும். ஆகவே கையேட்டில் மருந்து கலக்கும் பக்கமும், பொருள்களை இருப்பு வைக்கும் பக்கமும் மாற வேண்டும்.

1999-ல் வெடிச் சத்தத்துக்கு வரம்பு வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடியைச் செய்யக் கூடாது என்றார்கள். சோதனை செய்யும் பக்கம் மாற வேண்டும்.

2008-ல் வெடிபொருள் விதிகள் முழுவதும் புதிதாக எழுதப்பட்டன. 1983-ஆம் ஆண்டு விதிகள் போயின. 'இந்த விதியின்படி' என்று எண் குறிப்பிட்டிருந்த ஒவ்வொரு பக்கமும் மாற வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2021 அக்டோபர் 29 அன்று அதை மீண்டும் உறுதி செய்தது. பேரியம் நைட்ரேட் சாதாரணப் பொருளா? மத்தாப்புக்குப் பச்சை நிறம் தருவது அது. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் தருவது அது. அதை எடுத்துவிட்டால் வேறு கலவை வேண்டும். நாகபுரியில் உள்ள 'நீரி' என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 'பசுமைப் பட்டாசு' என்று புதிய கலவை முறைகளை உருவாக்கியது. இப்போது கையேட்டில் எத்தனை பக்கம் மாற வேண்டும்? கொள்முதல், இருப்பு, எடை போடுதல், கலத்தல், கழிவை அகற்றுதல்: பேரியம் என்ற ஒரு சொல் குறைந்தது ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கும்.

தைத்த புத்தகம் இதற்கு என்ன செய்யும்? மூன்று வழிதான் உண்டு. ஒன்று, புத்தகம் முழுவதையும் திரும்ப அச்சிடுவது. இதற்குப் பணமும் காலமும் வேண்டும்; ஆகவே 'அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். இரண்டு, துண்டுச் சீட்டை ஒட்டுவது. மூன்று, வாயால் சொல்லிவிடுவது. வாயால் சொன்னது காற்றோடு போகும் என்பது உங்களுக்கே தெரியும். துண்டுச் சீட்டின் கதையை நான் சொல்கிறேன். அது என் சொந்தக் கதை.

ஆய்வுக்கூடத்தில் எழுந்த புகை

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தைத்த செய்முறைக் கையேடு ஒன்று இருந்தது. அதை எழுதிய காலத்தில் 2 வோல்ட் சேமக்கலங்களை வைத்துச் சோதனைகள் செய்தார்கள். பிறகு அவற்றைக் கழித்துவிட்டு 6 வோல்ட் தரும் பாட்டரி எலிமினேட்டர்களை வாங்கினோம். கையேட்டைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் ஓம் விதிச் சோதனையின் பக்கத்தை எடுத்து ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினேன். 'தடைப்பெட்டியில் 20 ஓமுக்குக் குறைவாக எடுக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதினேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அதே மின்சுற்று வேறு மூன்று சோதனைகளிலும் வருகிறது என்பது எனக்கு நினைவில்லை. அவற்றில் ஒன்றைச் செய்ய வந்த மாணவன் கையேட்டைத் திறந்தான். '2 ஓம் தடையை எடுத்துக்கொள்' என்று அதில் இருந்தது. எடுத்துக்கொண்டான். சாவியைச் செருகினான். தடைப்பெட்டியிலிருந்து புகை வந்தது.

எலிமினேட்டரின் அகத்தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஓம் தடைக்கு 2 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர் ஓடும். வெப்பமாகும் திறன் 2 வாட். அதே தடைக்கு 6 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடும்; திறன் 18 வாட். மின்னழுத்தம் மூன்று மடங்கு. சூடு ஒன்பது மடங்கு! சுருள் தீய்ந்துபோனதில் வியப்பு இல்லை.

அந்த மாணவன் பயந்து போய், "தப்புப் பண்ணிட்டேன், சார்" என்றான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. புத்தகம் சொன்னதைச் செய்தான். தப்பு என்னுடையது. ஒரு செய்தி நான்கு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. நான் ஓரிடத்தில் மட்டும் திருத்தினேன்.

எங்களுக்குப் போனது ஒரு தடைச்சுருள். மருந்து அறையில் இதே தவறு நடந்தால் போவது என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. அன்று முதல் எந்தக் கையேட்டைப் பார்த்தாலும், 'இதில் ஒரு வரி மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்?' என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

ஓலைச்சுவடி தரும் பாடம்

தைக்காத புத்தகம் நமக்குப் புதிது அல்ல. நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் தைக்காத புத்தகத்தில்தான் எழுதினார்கள், படித்தார்கள். ஓலைச்சுவடியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வோர் ஏடும் தனி. ஏட்டில் துளை, துளையில் கயிறு, ஏட்டின் ஓரத்தில் எண். ஓர் ஏடு செல்லரித்துவிட்டால் சுவடி முழுவதையும் எழுத வேண்டாம். கயிற்றை அவிழ்த்து, அந்த ஏட்டை மட்டும் புதிதாக எழுதிக் கோத்துவிடலாம்.

அந்த முறையில் குறையும் இருந்தது. கயிறு அவிழ்ந்தால் ஏடுகள் இடம் மாறும்; சில காணாமலே போகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களை அச்சிட ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியபோது, ஏடு முறிந்தும் முதலும் முடிவும் இல்லாமலும் கிடைத்த சுவடிகளோடு எவ்வளவு போராடினார் என்பதை உங்கள் தமிழாசிரியரிடம் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்.

ஆகவே பிரித்து வைப்பதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. எந்த ஏடு எங்கே இருக்கிறது, எது குறைகிறது என்று சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும்.

கடலிலும் வானிலும்

அந்த ஏற்பாட்டைக் கடலோடிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கப்பல் தலைவருக்குக் கடல் வரைபடம்தான் கையேடு. கடலடி மணல் இடம் மாறும். ஒரு மிதவை விளக்கு வேறிடத்துக்குப் போகும். ஒரு கப்பல் மூழ்கிப் புதிய இடறலாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரைபடத்தைப் புதிதாக அச்சிட முடியுமா? முடியாது. ஆகவே 'மாலுமிகளுக்கு அறிவிப்பு' என்று எண் போட்ட அறிவிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். நம் நாட்டில் இதைச் செய்வது டேராடூனில் உள்ள தேசியக் கடல் அளவை அலுவலகம். காகித வரைபடத்தை வைத்திருக்கும் மாலுமி, திருத்தத்தை அதில் குறித்துவிட்டு, இடது கீழ் மூலையில் அறிவிப்பின் எண்ணை எழுதிவைப்பார். வேறொரு மாலுமி வந்து அந்த மூலையைப் பார்த்தால் போதும். எந்த எண் வரை திருத்தியிருக்கிறது, நடுவே ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

விமானக் கையேடுகளில் இதைவிட நுட்பமான முறை உண்டு. காகிதத்தில் வைத்திருக்கும் கையேடு தைக்கப்பட்டிருக்காது, வளையத்தில் கோத்திருக்கும். முதலில் ஒரு பட்டியல்: இன்று செல்லுபடியாகும் பக்கங்கள் எவை, ஒவ்வொன்றின் தேதி என்ன. மாறிய வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு. அவசரமாக வந்த தற்காலிகத் திருத்தம் வழக்கமாக மஞ்சள் தாளில் இருக்கும். கண்ணில் உடனே படும்.

பிரித்தால் மட்டும் போதாது

இதைப் படித்ததும், 'அப்படியானால் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து வளையத்தில் மாட்டிவிட்டால் சரி' என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைப்பவர்கள் 1988 ஜூலை 6 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் 'பைப்பர் ஆல்ஃபா' என்ற எண்ணெய் எடுக்கும் மேடை இருந்தது. அங்கே ஒரு நல்ல வழக்கம். எந்த இயந்திரத்தில் பழுது பார்த்தாலும் அதற்கென்று ஓர் அனுமதித் தாள் எழுத வேண்டும். அன்று ஒரு பம்புக்கு இரண்டு தாள்கள் எழுதியிருந்தார்கள். ஒன்று, பம்பைப் பிரித்துப் பழுது பார்க்க. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. மற்றொன்று, அந்தப் பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதிக்க; வால்வு கழற்றப்பட்டுவிட்டது, திரும்ப மாட்டவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுவிட்டது. இரவுப் பணியாளர்கள் முதல் பம்பை ஓட்டலாமா என்று தாளைத் தேடினார்கள். முதல் தாள் கிடைத்தது. 'பழுது வேலை தொடங்கவில்லை, ஓட்டலாம்' என்று எண்ணினார்கள். இரண்டாவது தாள் வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. முதல் தாளில் இரண்டாவது தாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பம்பை ஓட்டினார்கள். வால்வு இருந்த இடத்தில் வாயு கசிந்து தீப்பிடித்தது. 167 பேர் மாண்டார்கள்.

தாள் எழுதப்பட்டது, தாளில் இருந்தது உண்மை, ஆனால் ஒரு தாளுக்கு இன்னொரு தாளைத் தெரியவில்லை. பிரிக்கப்பட்ட தாள்களுக்குள் உறவு எழுதப்படாவிட்டால் அவை கயிறு அவிழ்ந்த சுவடிதான்.

நான் கேட்கும் கையேடு

இத்தனையையும் வைத்துக்கொண்டு, மருந்து அறைக்கு எப்படிப்பட்ட கையேடு வேண்டும் என்று என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வேலைக்கு ஒரு தாள். 'மீந்த மருந்தை என்ன செய்வது' என்பது ஒரு தாள். 'இடி மின்னல் வந்தால் என்ன செய்வது' என்பது வேறு தாள். ஓர் அறையில் ஒரு வேலை என்பதைப் போல.

இரண்டாவது, ஒரு செய்தியை ஒரு தாளில் மட்டுமே எழுத வேண்டும். மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பது கலக்கும் அறைக்கும் வேண்டும், அடைக்கும் அறைக்கும் வேண்டும். அதற்காக இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதக் கூடாது. ஒரே தாளின் இரண்டு பிரதிகளை இரண்டு அறைகளிலும் மாட்ட வேண்டும். எழுதுவது ஒரு முறை. தொங்குவது பல இடம். என் தடைச்சுருளைத் தின்ற தவறு அப்போது நடக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு தாளிலும் எண்ணும் தேதியும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடியில், 'இந்தத் தாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தாள்கள்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். பைப்பர் ஆல்ஃபாவில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.

நான்காவது, ஓர் அட்டவணைத் தாள். எந்தத் தாளின் எந்தத் தேதிப் பிரதி இன்று செல்லும், அது எந்தெந்த அறையில் தொங்குகிறது என்று அதில் இருக்கும். போர்மேன் காலையில் அறைகளைச் சுற்றி வரும்போது இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பழைய தாள் திரும்பி வந்தால்தான் புதிய தாளைக் கொடுக்க வேண்டும். வீட்டில் காலி காஸ் சிலிண்டரைக் கொடுத்துத்தானே நிறைந்த சிலிண்டரை வாங்குகிறோம்? அதே வழக்கம். புதிய தாளைச் சேர்ப்பது பாதி வேலை. பழைய தாளை அகற்றுவது மறுபாதி. இரண்டு தாளும் ஒரே சுவரில் தொங்கினால், அவசர நேரத்தில் கண் எதன் மேல் விழும் என்று யார் சொல்ல முடியும்?

இன்னும் ஒன்று சேர்க்க ஆசை. தாளின் பின்பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் வேண்டும். 'இங்கே எழுதியபடி செய்ய முடியவில்லை, காரணம் இது' என்று தொழிலாளி எழுதவோ, சொல்லி எழுதவைக்கவோ அது பயன்படும். விதி மேலிருந்து மாறுகிறது. ஆனால் தாளில் உள்ள பிழையை முதலில் காண்பது அதன்படி வேலை செய்யும் கைதான். அந்தக் கையிலிருந்து தாளுக்குத் திரும்பிப் போக ஒரு வழி வேண்டாமா?

சிலர் சொல்லும் மறுப்புகள்

இதை நான் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்தார். "இந்தக் காலத்தில் தாளா? எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. கையேட்டைச் செல்போனில் அனுப்பிவிட்டால் போயிற்று" என்றார். மருந்து அறைக்குள் செல்போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதை அவர் மறந்துவிட்டார். மேலும், 200 பக்கப் புத்தகத்தை அப்படியே செல்போனில் அனுப்பினால் அது கண்ணாடிக்குள் இருக்கும் தைத்த புத்தகம், அவ்வளவுதான். போன ஆண்டு அனுப்பிய பிரதியும் இந்த ஆண்டு அனுப்பிய பிரதியும் ஒரே செல்போனில் பக்கம் பக்கமாகக் கிடக்கும். எது புதியது? கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை.

இன்னொருவர், "தொழிலாளர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்?" என்றார். 200 பக்கத்தை நானும் படிக்க மாட்டேன். ஆனால் ஒரு தாளை, பெரிய எழுத்தில், படத்தோடு, தமிழில் கொடுத்தால் படிக்காதவர் யார்? எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துக் காட்டலாம். ஒரு தாள் இரண்டு நிமிடம். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் இருந்தால் அந்த ஒரு தாளை அவர் மொழியில் எழுதலாம். மாற்றம் வரும்போதும் அந்த ஒரு தாளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு செலவு. மற்ற ஊரில் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். சிவகாசிப் பக்கத்திலா? நாடு முழுவதும் தொங்கும் காலண்டர்களை அச்சிடும் ஊர் அது. தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஒரு தாள். நேற்றைய தாளைக் கிழித்தால்தான் இன்றைய தேதி தெரியும். நான் கேட்கும் கையேட்டின் தத்துவம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது! அதை ஆண்டுதோறும் கட்டுக் கட்டாக அச்சிட்டு ஊரெல்லாம் அனுப்பத் தெரிந்தவர்களுக்குத் தாங்கள் பிழைக்கும் அறைக்கு நாற்பது தாள் அச்சிடத் தெரியாதா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கையேடு மட்டும் உயிரைக் காக்காது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் நடந்த வெடி விபத்துகளை அந்த வட்டாரம் மறக்கவில்லை. அளவுக்கு மேல் ஆட்களை உட்காரவைப்பதையும், மரத்தடியில் வேலை செய்யவைப்பதையும், உரிமம் இல்லாமல் வீட்டில் வெடி செய்வதையும் எந்தத் தாளும் தடுத்துவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், மேற்பார்வை வேண்டும், மனச்சாட்சி வேண்டும். ஆனால் சொன்னபடி கேட்டு ஒழுங்காக வேலை செய்யும் ஒருவர், சொல்லப்பட்டது பழையது என்ற ஒரே காரணத்தால் அடிபடுவது இருக்கிறதே, அதை நாம் தடுக்க முடியும். அதற்கு வேண்டியது தாளும் துளையும் வளையமும் கொஞ்சம் ஒழுங்கும்தான்.

உங்களால் முடிந்தது

'இது பெரியவர்கள் வேலை, நமக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பழைய இயற்பியல் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு கிலோகிராம் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது? பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை என்று இருந்தால், அது 2019 மே 20-க்கு முந்தைய ஏடு. அன்று முதல் கிலோகிராமுக்கு அடிப்படை அந்த உருளை அல்ல. பிளாங்க் மாறிலி என்ற எண். இயற்பியலின் அடிப்படை அலகே மாறும்போது வேறு எதுதான் மாறாது? அறிவு வளர்கிறது என்பதற்கு அடையாளமே பக்கம் மாறுவதுதான்.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு முயற்சி செய்யலாம். ஆசிரியரின் அனுமதியோடு, ஒரு சோதனைக்கு ஒரு தாள் என்று எழுதுங்கள். மேலே எண், தேதி. அடியில், சேர்த்துப் பார்க்க வேண்டிய தாள்கள். முன்னால் ஓர் அட்டவணை. அமிலத்தை நீர்த்துப்போகச் செய்யும் முறையைப் போன்ற பொதுச் செய்திகளை ஒரே தாளில் மட்டும் எழுதுங்கள். ஆண்டு முடிவில் ஒரு கருவியை மாற்றினால், எத்தனை தாளைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் நீங்கள் வென்றீர்கள். நான்கு என்றால் எங்கேயோ ஒரு தடைச்சுருள் தீயக் காத்திருக்கிறது.

தாயில்பட்டிப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ, அப்பாவோ, அக்காவோ ஆலைக்குப் போகிறவராக இருந்தால், இன்று மாலை அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க அறைச் சுவரில் மாட்டியிருக்கிற தாளில் என்ன தேதி போட்டிருக்கு?"

தேதி இல்லை என்றோ, தாளே இல்லை என்றோ பதில் வந்தால், நாளைக்கு அதையே போர்மேனிடம் கேட்கச் சொல்லுங்கள்.